ஒரே தெருவில் பத்து வைத்திய முறைகள்: எந்தக் கதவைத் தட்டுவது?

சில கடைத்தெருக்களில் மாற்று மருத்துவ நிலையங்கள் கூட்டமாக வந்து அமைந்துவிடுகின்றன. கீழே மருந்துக்கடை, அதன் மாடியில் யோகா வகுப்பு, பக்கத்து வாசலில் அக்குபங்சர், நாலு கட்டடம் தள்ளி கைரோபிராக்டிக், எதிரே மூலிகைக் கடை, அதற்கும் மேலே ரெய்கி. அந்தப் பகுதிக்குப் புதிதாகக் குடிவந்தவருக்கு, அதுவும் முதுகுவலியோ தூக்கமின்மையோ இருப்பவருக்கு, எங்கே தொடங்குவது என்று குழப்பமாகத்தான் இருக்கும்.

இவை ஒரே இடத்தில் சேர்வதற்குக் காரணம் எளிது. இந்தத் தொழில்களுக்குப் பெரிய இடம் தேவையில்லை. ஒரு படுக்கை, கை கழுவ ஒரு தொட்டி, சத்தம் குறைந்த ஓர் அறை போதும். அதனால் வாடகை குறைந்த மாடி அறைகளைத் தேடி வருகிறார்கள். ஓர் அறையை இரண்டு மூன்று பேர் நாள் பிரித்துப் பயன்படுத்துவதும் உண்டு. அப்புறம், யோகாவுக்கு வருகிறவர் மசாஜுக்கும் போவார், மசாஜுக்கு வந்தவர் மூலிகைக் கடையிலும் நிற்பார். ஒருவருடைய வாடிக்கையாளர் அடுத்தவருக்கும் பயன்படுவதால் எல்லோருக்கும் அருகருகே இருப்பதே லாபம்.

நமக்குச் சிக்கல் இங்கேதான் வருகிறது. ஒரே வரிசையில் ஒரே மாதிரிப் பெயர்ப்பலகையோடு நிற்கும்போது எல்லாமே ஒரே தரம் போலத் தோன்றும். ஆனால் ஒரு கதவுக்குப் பின்னால் பல வருடம் படித்தவர், ஓரளவு நல்ல ஆய்வுகள் உள்ள முறை. அடுத்த கதவுக்குப் பின்னால் சனி, ஞாயிறு இரண்டு நாளில் முடித்த பயிற்சி, சோதித்துப் பார்த்தபோது தோற்றுப்போன முறை. அதனால் தெருவை மொத்தமாக நம்பவும் வேண்டாம், மொத்தமாக ஒதுக்கவும் வேண்டாம். கதவு கதவாகப் பாருங்கள்.

படி 1: கிளம்புவதற்கு முன் ஒரு தாள் எழுதுங்கள்

உங்கள் தொந்தரவு என்ன என்று ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள். "உடம்பு சரியில்லை" என்றால் யாரும் எதையும் விற்றுவிடலாம். "மூன்று மாதமாக இடுப்புக்கு மேலே வலி, உட்கார்ந்தால் கூடுகிறது, நடந்தால் குறைகிறது" என்றால் பேச்சு அதைச் சுற்றியே நிற்கும். பக்கத்தில் 0 முதல் 10 வரை ஒரு மதிப்பெண் போடுங்கள். 0 என்றால் வலியே இல்லை, 10 என்றால் தாங்கவே முடியாத வலி. தேதியையும் எழுதுங்கள். இந்த எண் பின்னால் மிகவும் உதவும்.

அதே தாளில் நீங்கள் சாப்பிடும் எல்லா மருந்துகளும் இருக்கட்டும். வைட்டமின் மாத்திரை, கஷாயம், புரோட்டீன் பொடி என்று மருந்தாக நினைக்காதவற்றையும் சேருங்கள். கர்ப்பம், ரத்த அழுத்தம், நீரிழிவு, எலும்பு மெலிவு (ஆஸ்டியோபோரோசிஸ்), கண் அழுத்த நோய் (கிளாக்கோமா), பேஸ்மேக்கர், ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் மாத்திரை ஆகியவற்றில் எது இருந்தாலும் மேலேயே எழுதுங்கள்.

சில அறிகுறிகள் இருந்தால் இந்தத் தெருவுக்கே இப்போது போக வேண்டாம், முதலில் மருத்துவரிடம் போங்கள். முதுகுவலியோடு சிறுநீர், மலம் கட்டுப்பாட்டில் இல்லாமல் போவது, தொடை இடுக்கில் மரத்துப்போவது, காய்ச்சலோடு வரும் முதுகுவலி, விழுந்த பிறகு வந்த வலி, காரணமில்லாமல் எடை குறைவது, திடீரென்று வந்த மிகக் கடுமையான தலைவலி, நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், மார்பிலோ வேறெங்கோ புதிதாக வந்த கட்டி. இவற்றுக்கு முதலில் நோய் என்னவென்று தெரிய வேண்டும். தெரிந்த பிறகு, மருத்துவத்தோடு சேர்த்து இங்கே ஏதாவது செய்துகொள்ளலாம்.

"சேர்த்து" என்று நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. குணப்படுத்தக்கூடிய நிலையில் புற்றுநோய் கண்டறியப்பட்டு, வழக்கமான சிகிச்சையை விட்டுவிட்டு மாற்று மருத்துவத்தை மட்டும் தேர்ந்தெடுத்த 281 பேரை, வழக்கமான சிகிச்சை எடுத்தவர்களோடு ஒப்பிட்டு யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். மாற்று மருத்துவத்தை மட்டும் நம்பியவர்களின் இறப்பு அபாயம் 2.5 மடங்கு அதிகமாக இருந்தது.

படி 2: உள்ளே நுழையாமல் தெருவை ஒருமுறை நடந்து பாருங்கள்

பலகைகளைப் படியுங்கள். "முதுகுவலி, கழுத்துவலி" என்று எழுதியிருப்பவர் தன் எல்லையை அறிந்தவர். "சர்க்கரை முதல் புற்றுநோய் வரை சகல நோய்களும் குணமாகும்" என்று எழுதியிருந்தால் அந்த வாசலைக் கடந்துவிடுங்கள். எல்லாவற்றையும் குணப்படுத்தும் முறை என்று ஒன்று எந்த மரபிலும் கிடையாது. கண்ணாடியில் "முன்பு, பின்பு" படங்களும் நன்றிக் கடிதங்களும் நிறைந்திருந்தால் அவற்றுக்கு மதிப்புக் கொடுக்க வேண்டாம். பலன் கிடைக்காதவர் கடிதம் எழுதுவதில்லை.

அந்தத் தெருவிலேயே மருந்துக்கடையும் பிசியோதெரபி நிலையமும் இருக்கின்றனவா என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். படித்த ஃபார்மசிஸ்ட் ஒருவர் உங்களுக்கு அங்கே கிடைக்கக்கூடிய மிகப் பெரிய உதவி. எந்த மூலிகை எந்த மாத்திரையோடு மோதும் என்று கேட்க அவரைவிடப் பொருத்தமான ஆள் அந்த வரிசையில் இல்லை. பலரும் அவரிடம் கேட்பதே இல்லை.

படி 3: எந்தக் கதவுக்குப் பின்னால் என்ன

பெயர்கள் நூறு இருந்தாலும் இந்த நிலையங்களைச் சில வகைகளாகப் பிரித்துவிடலாம். உடம்பை அசைப்பவை, உடம்பைத் தொடுபவை, ஊசி குத்துபவை, வாய்வழி கொடுப்பவை, ஆற்றலைப் பற்றிப் பேசுபவை. இந்த வரிசையிலேயே போகலாம்.

அசைவும் மூச்சும். யோகா, மெதுவான அசைவுகளால் ஆன சீனப் பயிற்சியான தை சி, தியான வகுப்புகள். புதியவர் தொடங்குவதற்கு என் முதல் பரிந்துரை இதுதான். அமெரிக்க மருத்துவர் சங்கங்களில் ஒன்றான அமெரிக்கன் காலேஜ் ஆஃப் ஃபிசிஷியன்ஸ் 2017-ல் வெளியிட்ட முதுகுவலி வழிகாட்டுதலில், நாள்பட்ட வலிக்கு மாத்திரைக்கு முன்னால் முயன்று பார்க்க வேண்டியவற்றில் உடற்பயிற்சி, யோகா, தை சி, மனமுழுமைப் பயிற்சி (இந்த நொடியில் நடப்பதை அமைதியாகக் கவனிக்கும் பயிற்சி, ஆங்கிலத்தில் மைண்ட்ஃபுல்னஸ்), அக்குபங்சர் எல்லாம் இருக்கின்றன. வயதானவர்கள் தவறி விழுவதைத் தை சி குறைக்கிறது என்பதும் பல ஆய்வுகளில் தெரிந்த விஷயம். மனமுழுமைப் பயிற்சியில் ஒழுங்கான ஒரு பாடத்திட்டம் வேண்டுமென்றால், 1979-ல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜான் கபாட்-ஜின் தொடங்கிய 8 வார வகுப்பு முறையை நடத்துகிறார்களா என்று கேளுங்கள். தொடக்கமும் முடிவும் உள்ள வகுப்பு என்பதால் பலன் இருந்ததா என்று சொல்லிவிட முடியும்.

இங்கேயும் கவனிக்க வேண்டியவை உண்டு. கண் அழுத்த நோய் உள்ளவர்கள் தலைகீழ் ஆசனங்களைச் செய்யக்கூடாது, கண்ணில் அழுத்தம் ஏறும். எலும்பு மெலிவு உள்ளவர்கள் முதுகை வளைத்து ஆழமாகக் குனியும் ஆசனங்களைத் தவிர்க்க வேண்டும், முள்ளெலும்பு நொறுங்கும் ஆபத்து இருக்கிறது. கர்ப்பிணிகளுக்குச் சூடேற்றிய அறையில் நடக்கும் யோகா வேண்டாம். கடுமையான மன அதிர்ச்சியோ மனநோயோ இருந்தவர்களுக்கு நீண்ட நேரத் தியானம் பதற்றத்தைக் கூட்டலாம், ஆசிரியரிடம் முன்பே சொல்லிவிடுங்கள். நல்ல ஆசிரியர் முதல் வகுப்பிலேயே "யாருக்கு என்ன தொந்தரவு" என்று கேட்பார். கேட்காமலே எல்லோரையும் ஒரே ஆசனத்துக்கு அழைப்பவரிடம் தொடர வேண்டாம்.

தொடுவது. மசாஜ், கிண்ணங்களை வைத்துத் தோலை உறிஞ்சி இழுக்கும் கப்பிங், முதுகெலும்பையும் மூட்டுகளையும் கையால் அழுத்தித் திருப்பும் கைரோபிராக்டிக். மசாஜால் தசைவலியும் மன இறுக்கமும் குறைவது உண்மை. பெரும்பாலும் அது சில நாட்களுக்கு நிற்கும் நிவாரணம். அதற்காகவே போகலாம், அதில் குறையொன்றும் இல்லை. "உடம்பில் உள்ள நச்சு வெளியேறும்" என்று சொன்னால் மட்டும் நம்ப வேண்டாம். அந்த வேலையைக் கல்லீரலும் சிறுநீரகமும் தினமும் செய்துகொண்டிருக்கின்றன. ஒரு காலில் மட்டும் வீக்கம், சூடு, வலி இருந்தால் மசாஜ் கூடவே கூடாது. உள்ளே ரத்தக்கட்டி இருக்கலாம், அழுத்தினால் நகர்ந்து நுரையீரலுக்குப் போகலாம். அன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள்.

கப்பிங் செய்தால் வட்ட வட்டமாகக் கருநீலத் தழும்பு வரும். 2016 ரியோ ஒலிம்பிக்கில் நீச்சல் வீரர் மைக்கேல் ஃபெல்ப்ஸின் தோளில் உலகமே பார்த்த தழும்புகள் அவைதான். தோலுக்கடியில் நுண்ணிய ரத்தக்குழாய்கள் உடைவதால் வருவது. நச்சு வெளியேறிய அடையாளம் என்று சொல்வது சரியல்ல. தோலைக் கீறி ரத்தம் எடுக்கும் வகை கப்பிங் என்றால் கிருமி நீக்கம் பற்றி அறுவை சிகிச்சைக்குக் கேட்பதுபோலக் கேளுங்கள்.

கைரோபிராக்டிக் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். 1895-ல் அமெரிக்காவில் டி.டி. பால்மர் தொடங்கிய முறை இது. பெரும்பாலான நோய்களுக்கும் முதுகெலும்பின் விலகலே காரணம் என்பது அவருடைய கொள்கை. இன்றைக்கு இந்தத் துறையில் இரண்டு வகையினர் இருக்கிறார்கள். முதுகு, கழுத்து, மூட்டு வலிகளோடு நிறுத்திக்கொண்டு பயிற்சிகளும் சொல்லித்தருபவர்கள் ஒரு வகை. பழைய கொள்கையைப் பிடித்துக்கொண்டு ஆஸ்துமா, காதுவலி, குழந்தையின் அழுகை எல்லாவற்றுக்கும் எலும்பைத் திருப்புபவர்கள் இன்னொரு வகை. முதல் வகையினரிடம் முதுகுவலிக்குப் போகலாம், முன்பு சொன்ன 2017 வழிகாட்டுதலிலேயே முதுகெலும்புக் கைச்சிகிச்சையும் இருக்கிறது. இரண்டாம் வகையினரிடம் குழந்தையை அழைத்துப் போகவே வேண்டாம்.

கழுத்தைச் சட்டென்று திருப்பிச் சொடுக்கும் சிகிச்சையை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். அரிதாக, கழுத்து வழியாக மூளைக்குப் போகும் ரத்தக்குழாயின் உள்சுவர் கிழிந்து பக்கவாதம் வந்த நிகழ்வுகள் மருத்துவ இலக்கியத்தில் இருக்கின்றன. அந்தக் கிழிசலின் முதல் அறிகுறியே கழுத்துவலியும் தலைவலியும்தான். ஏற்கெனவே கிழிசல் தொடங்கியவர், அந்த வலிக்காகவே கழுத்தைத் திருப்பிக்கொள்ளப் போய் உட்காரும் வாய்ப்பும் இருக்கிறது. "கழுத்தைத் திருப்ப வேண்டாம், வேறு வழியில் செய்யுங்கள்" என்று சொல்லும் உரிமை உங்களுக்கு உண்டு. செய்த பிறகு தலைசுற்றல், இரட்டைப் பார்வை, பேச்சுக் குழறல், முகத்தின் ஒருபக்கம் தொங்குவது என்று எது வந்தாலும் நேராக அவசர சிகிச்சைக்குப் போங்கள்.

ஊசி. அக்குபங்சர் ஊசி, மருந்து செலுத்தும் ஊசி மாதிரி துளையுள்ளது அல்ல, முடி போல மெல்லிய கம்பி. குத்தும்போது சின்னக் கூச்சம், கனமான உணர்வு, அவ்வளவுதான். வழக்கமாக 20 முதல் 30 நிமிடம் வைத்திருப்பார்கள். 2018-ல் வெளியான ஒரு பெரிய ஆய்வு, 39 சோதனைகளில் பங்கேற்ற சுமார் 20,800 நோயாளிகளின் விவரங்களைச் சேர்த்துப் பார்த்தது. முதுகு, கழுத்து, மூட்டு வலி, நாள்பட்ட தலைவலி ஆகியவற்றில் எந்தச் சிகிச்சையும் எடுக்காதவர்களைவிட அக்குபங்சர் எடுத்தவர்களுக்கு நன்றாகவே பலன் தெரிந்தது. போலி அக்குபங்சரோடு (ஒப்பிடுவதற்காக, உண்மையான சிகிச்சை போலத் தோன்றும்படி மட்டும் செய்வது) ஒப்பிட்டபோதும் வேறுபாடு இருந்தது, ஆனால் சிறியது. நாள்பட்ட வலிக்கு முயன்று பார்க்கலாம் என்பது என் கருத்து. உடல் எடை, குழந்தையின்மை, ஒவ்வாமை என்று நீளும் பட்டியல்களுக்கு இந்த அளவு ஆதாரம் கிடையாது.

ஊசி உறை உங்கள் கண்முன்னே பிரிக்கப்பட வேண்டும். ஒருமுறை பயன்படுத்தியதும் கூர்பொருள்களுக்கென்று இருக்கும் கெட்டியான பெட்டிக்குள் போக வேண்டும். "கொதிக்க வைத்துத் திரும்பப் பயன்படுத்துகிறோம்" என்று சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். ரத்தம் உறையாமைக்கு மாத்திரை சாப்பிடுபவர், கர்ப்பிணி இருவரும் முன்பே சொல்ல வேண்டும். பேஸ்மேக்கர் வைத்தவர்கள் ஊசியில் மின்சாரம் செலுத்தும் வகையை மறுத்துவிட வேண்டும். தோளிலோ மார்பிலோ குத்திய பிறகு திடீரென்று மூச்சு வாங்கினால் ஊசி நுரையீரல் உறையைத் துளைத்திருக்கலாம். மிக அரிது, ஆனாலும் காத்திருக்கக் கூடாது.

வாய்வழி. இந்தத் தெருவில் நான் அதிகம் பயப்படுவது மூலிகைக் கடைக்குத்தான். ஊசி குத்தும்போது எல்லோரும் யோசிப்பார்கள், பொடியைக் கலக்கிக் குடிக்கும்போது யாரும் யோசிப்பதில்லை. 1990-களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் எடை குறைப்பு நிலையம் ஒன்றில் கொடுத்த மூலிகை மாத்திரையில், ஒரு செடிக்குப் பதிலாக அரிஸ்டோலோக்கியா வகைச் செடி கலந்துவிட்டது. நூற்றுக்கும் மேற்பட்ட பெண்களின் சிறுநீரகம் கெட்டது. பலருக்குப் பின்னால் சிறுநீர்ப்பாதையில் புற்றுநோயும் வந்தது. அதுவும் இயற்கையான செடிதான்.

கலப்படம் இல்லாத மூலிகையிலும் மோதல் உண்டு. மனச்சோர்வுக்கு விற்கும் செயின்ட் ஜான்ஸ் வோர்ட் என்ற மூலிகை கருத்தடை மாத்திரை, உறுப்பு மாற்றியவர்கள் சாப்பிடும் சைக்ளோஸ்போரின், எச்.ஐ.வி. மருந்துகள் ஆகியவற்றின் வேலையைக் குறைத்துவிடும். ஜின்கோ என்ற மூலிகையை, ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் வார்ஃபரின் மாத்திரையோடு சேர்த்தால் ரத்தக்கசிவு ஆபத்து கூடலாம். அதிமதுரத்தைத் தொடர்ந்து நிறையச் சாப்பிட்டால் ரத்த அழுத்தம் ஏறும், பொட்டாசியம் இறங்கும். மஞ்சள் சாறும் அஸ்வகந்தாவும் அடர்த்தியான மாத்திரை வடிவில் சிலருக்குக் கல்லீரலைப் பாதித்திருக்கின்றன. முடிக்கும் நகத்துக்கும் சாப்பிடும் பயோட்டின், தைராய்டு சோதனையையும் மாரடைப்பைக் கண்டுபிடிக்கும் ட்ரோபோனின் சோதனையையும் தவறாகக் காட்ட வைக்கும் என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2017-ல் எச்சரித்தது. உலோகங்கள் சேர்த்துச் செய்யும் பாரம்பரிய மருந்துகளுக்குத் தனிக் கவனம் வேண்டும். பாஸ்டன் பகுதிக் கடைகளில் வாங்கிய 70 ஆயுர்வேத மூலிகைத் தயாரிப்புகளைச் சோதித்து 2004-ல் வெளியிட்ட ஆய்வில், 14-ல் ஈயமோ பாதரசமோ ஆர்சனிக்கோ இருந்தது.

அதனால் வாங்குவதற்கு முன் செய்ய வேண்டியது: பொருளின் தாவரப் பெயர், அளவு, தயாரிப்பாளர், தொகுதி எண் எல்லாம் சீட்டில் இருக்க வேண்டும். பெயர் சொல்லாத "ரகசியக் கலவை" வேண்டாம். சீட்டைப் படம் எடுத்து ஃபார்மசிஸ்ட்டிடம் காட்டிவிட்டு வாங்குங்கள். அறுவை சிகிச்சை இருந்தால் குறைந்தது இரண்டு வாரத்துக்கு முன்பே இவற்றைப் பற்றி மருத்துவரிடம் சொல்லி நிறுத்துங்கள்.

ஹோமியோபதியும் இந்த வகையில் வரும். ஜெர்மன் மருத்துவர் சாமுவேல் ஹானிமன் 1796-ல் முன்வைத்த முறை. 30சி என்று எழுதிய மருந்து, நூற்றில் ஒரு பங்காக முப்பது முறை நீர்க்கச் செய்யப்பட்டது. 12சி தாண்டினாலே மூலப்பொருளின் ஒரு மூலக்கூறுகூட மிஞ்சியிருக்க வாய்ப்பு மிகக் குறைவு. ஆஸ்திரேலியாவின் தேசிய சுகாதார, மருத்துவ ஆராய்ச்சிக் குழு 2015-ல் ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, ஹோமியோபதி பலன் தருகிறது என்பதற்கு நம்பத்தகுந்த ஆதாரம் எந்த நோய்க்கும் இல்லை என்று சொன்னது. பலர் அங்கே நிம்மதி அடைகிறார்கள் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் தொற்றுநோய்க்கான சிகிச்சைக்கும் தடுப்பூசிக்கும் பதிலாக அதை வைத்துக்கொள்ளக் கூடாது. குறைவாக நீர்த்த மருந்துகளில் மூலப்பொருள் உண்மையாகவே இருக்கும் என்பதையும் மறக்க வேண்டாம்.

ஆற்றல். உடம்பின் மீதோ சற்று மேலேயோ கையை வைத்து ஆற்றலைச் செலுத்துவதாகச் சொல்லும் ரெய்கி, பிராண சிகிச்சை, தெரப்யூட்டிக் டச் போன்றவை. ரெய்கியை 1922 வாக்கில் ஜப்பானில் மிக்காவோ உசுயி தொடங்கினார். படுத்துக்கொண்டு அமைதியாக ஒரு மணிநேரம் இருப்பதால் உடம்பு தளர்வது இயல்பு. ஆற்றலைக் கையால் உணர முடிகிறதா என்பது வேறு கேள்வி. எமிலி ரோசா என்ற 9 வயதுச் சிறுமி பள்ளிச் செயல்திட்டமாக இதைச் சோதித்தாள். தெரப்யூட்டிக் டச் செய்பவர்கள் 21 பேரை ஒரு தட்டிக்குப் பின்னால் இரண்டு கைகளையும் நீட்டச் சொல்லி, எந்தக் கைக்கு மேலே தன் கை இருக்கிறது என்று கேட்டாள். அவர்கள் சரியாகச் சொன்னது 44 சதவீதம், கண்ணை மூடி ஊகித்தாலே வரக்கூடிய 50 சதவீதத்தைவிடக் குறைவு. 1998-ல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழிலேயே அது வெளியானது. ஓய்வுக்காகப் போவதானால் போகலாம், நோயைத் தீர்க்க என்றால் நான் வேண்டாம் என்பேன்.

இந்த வகைகளுக்கு வெளியே, நோயைக் கண்டுபிடித்துச் சொல்வதாகச் சொல்லும் கதவுகளும் உண்டு: கருவிழியைப் பார்ப்பது, முடியை அனுப்பிச் சோதிப்பது, கையை அழுத்திப் பார்த்து ஒவ்வாமை சொல்வது, ஒரு கம்பியைப் பிடிக்கச் சொல்லி எல்லா உறுப்புக்கும் அறிக்கை அச்சடிப்பது. 1979-ல் 143 பேரின் கண் படங்களைக் கருவிழி நிபுணர்கள் மூவரிடம் காட்டியபோது யாருக்குச் சிறுநீரக நோய் இருக்கிறது என்று அவர்களால் கண்டுபிடிக்க முடியவில்லை. இங்கே இல்லாத நோயைச் சொல்லிப் பயமுறுத்துவதும், இருக்கும் நோயைத் தவறவிடுவதும் இரண்டுமே நடக்கலாம். சோதிப்பவரே அதற்கான மருந்தையும் விற்பார் என்றால் இன்னும் கவனம் வேண்டும்.

படி 4: போனில் கேட்க வேண்டியவை

"இதை எங்கே, எத்தனை நாள் படித்தீர்கள்? இந்த ஊர்ச் சட்டப்படி இந்தத் தொழிலுக்குப் பதிவு உண்டா, உங்கள் பதிவு எண் என்ன? என் தொந்தரவு மாதிரி வந்தவர்களை என்ன செய்தீர்கள்? எத்தனை அமர்வில் பலன் தெரிய வேண்டும், தெரியாவிட்டால் என்ன செய்வீர்கள்? யாருக்கு இது கூடாது?" இவ்வளவுதான். கடைசிக் கேள்விதான் எனக்கு மிகவும் பிடித்தது. தன் தொழிலை நன்றாக அறிந்தவர் உடனே மூன்று நான்கு பேரைச் சொல்லிவிடுவார். "எல்லோருக்கும் நல்லது, பக்கவிளைவே இல்லை" என்பவருக்கு அதன் ஆபத்து தெரியாது, அல்லது சொல்ல மனமில்லை.

பதிவுச் சட்டம் இடத்துக்கு இடம் மாறும். ஒரே முறைக்கு ஓர் இடத்தில் பல வருடப் படிப்பும் உரிமமும் கட்டாயம், வேறோர் இடத்தில் யார் வேண்டுமானாலும் பலகை மாட்டலாம். அதனால் சுவரில் தொங்கும் சான்றிதழின் சட்டகத்தைப் பார்க்காமல், அதைக் கொடுத்தது யார் என்று படியுங்கள். பதிவு எண் சொன்னால் அந்தப் பதிவேட்டில் நீங்களே தேடிச் சரிபாருங்கள். பெயருக்கு முன்னால் "டாக்டர்" இருந்தால், எதில் டாக்டர் என்று கேட்பதில் தவறில்லை.

படி 5: முதல் நாள்

தளர்வான உடை, வாசனைத் திரவியம் வேண்டாம், வயிறு நிறையவும் வேண்டாம், வெறும் வயிறும் வேண்டாம். வெறும் வயிற்றில் ஊசி குத்திக்கொண்டு மயங்குபவர்கள் உண்டு. பத்து நிமிடம் முன்னதாகப் போனால் அங்கிருக்கும் படிவத்தை அவசரமில்லாமல் நிரப்பலாம். படிவமே இல்லை, பழைய நோய் பற்றி ஒரு கேள்வியும் இல்லை என்றால் அது நல்ல அறிகுறி அல்ல.

அறைக்குள், கை கழுவுகிறாரா, விரிப்பு மாற்றுகிறாரா என்று பாருங்கள். எந்த உடையை எதற்காகக் கழற்ற வேண்டும் என்று அவர் முன்பே சொல்ல வேண்டும், வேலை செய்யாத இடத்தைத் துணியால் மூடியிருக்க வேண்டும். கூட ஒருவர் இருக்க வேண்டும் என்று நீங்கள் கேட்டால் அவர் முகம் சுளிக்கக் கூடாது. "போதும்" என்று சொன்ன நொடியே கை நிற்க வேண்டும். இதில் எது மீறப்பட்டாலும் மரியாதைக்காகப் படுத்திருக்காதீர்கள். எழுந்து உடுத்திக்கொண்டு வெளியே வாருங்கள், காரணம் சொல்ல வேண்டிய கட்டாயம் கூட உங்களுக்கு இல்லை.

வெளியே வரும்போது மனம் லேசாக இருக்கும். அதற்கு ஒரு நல்ல காரணம் இருக்கிறது. ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் டெட் கப்சுக் என்பவரும் அவருடைய குழுவினரும் 2008-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். குடல் எரிச்சல் நோய் உள்ள 262 பேரை மூன்றாகப் பிரித்தார்கள். காத்திருப்புப் பட்டியலில் வைக்கப்பட்டவர்களில் 28 சதவீதத்தினர் போதுமான நிவாரணம் கிடைத்தது என்றார்கள். போலி அக்குபங்சர் மட்டும் பெற்றவர்களில் 44 சதவீதத்தினர். அதே போலி ஊசியோடு பரிவான, நிதானமான பேச்சும் பெற்றவர்களில் 62 சதவீதத்தினர். ஒருவர் முக்கால் மணிநேரம் உட்கார்ந்து உங்கள் கதையைக் கேட்பதே ஒரு சிகிச்சைதான். அந்தப் பலன் பொய்யானது அல்ல. ஆனால் அது வலியையும் களைப்பையும் குறைக்கும், கட்டியைக் கரைக்காது, கிருமியைக் கொல்லாது. எதற்காக வந்தீர்கள் என்பதைப் பொறுத்து அது போதுமா என்று முடிவு செய்யுங்கள்.

படி 6: ஒரு நேரத்தில் ஒன்று மட்டும்

தெரு முழுக்கக் கதவுகள் இருப்பதால் வரும் பெரிய சபலம், எல்லாவற்றையும் ஒரே மாதத்தில் முயல்வது. திங்கள் யோகா, புதன் ஊசி, வெள்ளி மசாஜ், நடுவில் ஒரு சூரணம். வலி குறைந்தால் எதனால் என்று தெரியாது, எல்லாவற்றுக்கும் பணம் கட்டிக்கொண்டே இருக்க வேண்டியதுதான். தோலில் தடிப்பு வந்தாலும் எதனால் என்று தெரியாது.

ஒன்றைத் தொடங்கி, நாலு முதல் ஆறு அமர்வு வரை போய், அந்தத் தாளில் வாரம் ஒருமுறை மதிப்பெண் போடுங்கள். தூக்கம், எத்தனை நிமிடம் நடக்க முடிகிறது, எத்தனை வலிமாத்திரை சாப்பிட்டீர்கள் என்பதும் இருக்கட்டும். 7 என்று தொடங்கியது 4 ஆனால் தொடருங்கள். 7, 6, 7, 7 என்றால் நன்றி சொல்லி நிறுத்திவிடுங்கள். "இன்னும் பத்து அமர்வு போனால்தான் தெரியும்" என்ற பேச்சுக்கு அந்தத் தாளே பதில்.

இன்னொன்றையும் கணக்கில் வையுங்கள். நாம் யாரையாவது தேடிப் போவது வலி உச்சத்தில் இருக்கும்போதுதான். உச்சத்துக்குப் பிறகு எதுவும் செய்யாவிட்டாலும் பெரும்பாலும் கொஞ்சம் இறங்கும். புதிதாக வந்த முதுகுவலி சில வாரங்களில் தானாகவே பெரும்பாலும் தணிந்துவிடும். அதனால் முதல் வார முன்னேற்றத்தை மட்டும் வைத்து நீண்ட ஒப்பந்தம் போட வேண்டாம்.

பணமும் பரிந்துரையும்

முதல் நாளிலேயே இருபது அமர்வுக்கு முன்பணம் கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். "இன்றைக்கு மட்டும் இந்தத் தள்ளுபடி" என்றால் இன்னும் உறுதியாகச் சொல்லுங்கள். ஒவ்வொரு அமர்வுக்கும் தனித்தனியாகக் கட்டி ரசீது வாங்குங்கள். மொத்தமாகக் கட்டத்தான் வேண்டும் என்றால், நடுவில் நிறுத்தினால் மீதி எப்படித் திரும்ப வரும் என்று எழுத்தில் வாங்குங்கள். காப்பீடு இருந்தால் எந்த முறைக்கு, எத்தனை அமர்வுக்கு, மருத்துவர் சீட்டு வேண்டுமா என்று காப்பீட்டு நிறுவனத்திடமே கேளுங்கள்.

பக்கத்து அறைக்காரரிடம் அனுப்புவது இந்தத் தெருவில் சாதாரணம். அதில் நல்லதும் உண்டு. "இது என் வேலை இல்லை, பிசியோதெரபிக்குப் போங்கள்" என்று சொல்லும் மசாஜ்காரர் நம்பத்தகுந்தவர், அப்படிப்பட்ட ஒருவரைக் கண்டுபிடித்தால் விடாதீர்கள். ஆனால் தோள்வலிக்குப் போனவரை ஒரு மூலிகைப் பட்டியலோடும் ஒரு ஸ்கேனோடும் ஓர் ஆற்றல் சிகிச்சையோடும் திருப்பி அனுப்பினால், "இது எதற்காக, இதில் உங்களுக்கும் அவருக்கும் ஏற்பாடு ஏதாவது உண்டா" என்று நேராகக் கேளுங்கள். அமைதியாகக் கேட்டால் பெரும்பாலோர் உண்மையைச் சொல்லிவிடுவார்கள்.

மருத்துவரிடம் மறைக்காதீர்கள்

திட்டுவார் என்று நினைத்துப் பலர் சொல்வதில்லை. பொடியின் பெயரையும் ஊசியின் இடத்தையும் அவர் தெரிந்திருந்தால்தான் ரத்தச் சோதனை முடிவை ஒழுங்காகப் படிக்க முடியும். தாளை அப்படியே நீட்டிவிடுங்கள், விளக்க வேண்டிய சிரமமே இல்லை. எதிர்த்திசையிலும் இதே விதிதான்: தெருவில் யார் "அந்த மாத்திரையை நிறுத்துங்கள்" என்று சொன்னாலும், அதை எழுதிக்கொடுத்தவரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள். இன்சுலின், வலிப்பு மாத்திரை, ஸ்டீராய்டு, ரத்தம் உறையாமைக்கான மாத்திரை, மனநல மருந்து இவற்றைச் சட்டென்று நிறுத்துவது உயிருக்கே ஆபத்தாக முடியலாம்.

ஏதாவது தவறாகப் போனால், மஞ்சள் காமாலை, கடும் தடிப்பு, ஊசி இடத்தில் சீழ், கை கால் மரத்துப்போவது போன்றவை வந்தால், முதலில் சிகிச்சை எடுங்கள். பிறகு மிச்சமுள்ள மருந்தை டப்பாவோடும் ரசீதோடும் பத்திரப்படுத்துங்கள், தூக்கி எறியாதீர்கள். புகைப்படம் எடுத்துத் தேதியிடுங்கள். அவர் பதிவு பெற்றவர் என்றால் பதிவுக் குழுவிடமும், பொருளால் வந்தது என்றால் உங்கள் நாட்டின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பிடமும் எழுத்தில் சொல்லுங்கள். ஒரே தொகுதி எண்ணைப் பற்றிப் பலர் புகார் செய்யும்போது அந்தப் பொருள் கடையை விட்டு எடுக்கப்படும் வாய்ப்பு கூடும், உங்களுடையது அந்த முதல் புகாராக இருக்கலாம்.